உச்சி வெயில்லதான் ஃபிளாஷ் வேணும்

"என்ன தம்பி, பட்டப்பகல்ல லைட் போடுறீங்க?"

கேமரா மேல ஃபிளாஷை மாட்டிக்கிட்டு கிரவுண்டுல நின்னா இந்தக் கேள்வி வராம இருக்காது. பி.டி. சார் கேப்பார். ஸ்டார்ட்டர் கேப்பார். சைக்கிள்ல ஐஸ் விக்கிற அண்ணன் கேப்பார். நின்னு பதில் சொல்ல அங்க நேரம் இருக்காது, அதுக்குள்ள அடுத்த ஹீட்டுக்கு விசில் ஊதிடுவாங்க. அதனால மொத்தத்தையும் இங்க எழுதிடுறேன்.

எழுத வச்சது வேற ஒண்ணு. ஒரு பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவுல குறுவட்டப் போட்டிப் படங்கள் வந்து விழுந்துச்சு. நல்ல கேமராவுல, நல்ல லென்ஸ்ல எடுத்த படங்கள்தான். நீளம் தாண்டுற பொண்ணு மணல்ல இறங்குறா. மணல் தெறிக்குது. பின்னாடி ஷாமியானா பளிச்னு தெரியுது. நெஞ்சுல குத்தின நம்பரைப் படிக்கலாம். முகம் மட்டும் ஒரு கருந்திட்டு. கண்ணு எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு.

எனக்கு வயித்தெரிச்சலாப் போச்சு.

அந்தப் பிள்ளை விளையாடும்போது யாராவது ஒழுங்கா எடுத்துக் கொடுத்த படம் அது ஒண்ணாத்தான் இருக்கும். அதைத்தான் வீட்டுச் சுவத்துல மாட்டுவாங்க, ஆண்டு மலர்ல போடுவாங்க. ஓடித் தாண்டி ஜெயிச்ச பிள்ளைக்குப் படத்துல முகம் இல்லைன்னா அப்புறம் அது யாரோட படம்?

ஏன் இப்படி ஆகுது?

நம்ம ஊர் சூரியன்தான் காரணம். சென்னையில ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் நண்பகல் நேரத்துல, நேரா நிக்கிற கம்பத்துக்கு நிழலே விழாது. நிழலில்லா நாள்னு சொல்றாங்களே, அதுதான். பள்ளிக்கூடப் போட்டிகள்ல பாதி எப்போ நடக்குது? ஜூலை, ஆகஸ்ட்ல. சூரியன் உச்சந்தலையில நிக்கிற காலமாப் பாத்து பிள்ளைங்களை ஓட விடுறோம். நெத்தி, மூக்குநுனி, கன்னமேடு இதெல்லாம் வெயில்ல வெளுத்துப்போகும். கண்குழியும் தாடையும் இருட்டுல கிடக்கும். தொப்பி போட்ட கிரிக்கெட் பையன்னா மூக்குக்கு மேல ஒண்ணுமே தெரியாது.

இதுல கேமராவோட வெளிச்ச மீட்டர் வேற. பின்னாடி சுண்ணாம்பு அடிச்ச சுவரோ வெளுத்த வானமோ இருந்தா, வெளிச்சம் ஜாஸ்தின்னு முடிவு பண்ணி கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். நம்ம பிள்ளைங்க மாநிறமும் கறுப்புமா இருக்காங்க. மொத அடி அவங்க முகத்துலதான் விழும். கறுப்புத் தோல் மேல வெளிச்சம் பட்டா எவ்வளவு அழகா இருக்கும்னு எடுத்துப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்குறது படம் எடுக்குறவன் வேலை.

"அதான் கம்ப்யூட்டர்ல ஷேடோவைத் தூக்கிக்கலாமே?"

தூக்கலாம். கொஞ்சம் தூக்கினா தப்பில்ல. ஆனா நிழல்ல இருக்குற முகத்துக்கு வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு யோசிங்க. மேலேருந்து நீல வானம், கீழேருந்து செம்மண் தரை. ஸ்லைடரை இழுத்தா முகம் பிரகாசமாகும், கூடவே அந்த நீலமும் சிவப்பும் ஏறும். தாடை ஒரு நிறம், கண்ணோரம் ஒரு நிறம்னு நிக்கும். புள்ளிப்புள்ளியா நாய்ஸ் வேற. கண்ணுக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் மின்னினாத்தான் ஆள் உயிரோட நம்மளைப் பாக்குற உணர்வு வரும். எடுக்கும்போது அது விழலைன்னா எந்த ஸ்லைடரும் அதைக் கொண்டுவராது.

செய்தித்தாளுக்கு அனுப்புறவங்களுக்கு இன்னொரு தொல்லை. அந்தத் தாள்ல மை பரவும். திரையில லேசாத் தெரிஞ்ச நிழல், அச்சுல முழுக் கறுப்பா அடைச்சுக்கும்.

ஆகவே ஃபில் ஃபிளாஷ்.

ஃபிளாஷ்னதும் நிறைய பேர் முகம் சுளிக்கிறாங்க. கேமரா மேல உக்காந்திருக்குற ஃபிளாஷ் மட்டமானதுன்னு ஒரு எண்ணம். இருட்டு மண்டபத்துல அது ஒண்ணுதான் வெளிச்சம்னா முகம் தட்டையா, எண்ணெய் வழிஞ்சு, பின்னாடி சுவத்துல கறுப்பு நிழலோட வரும். அங்க அந்த எண்ணம் சரி. ஃபில் பண்ற வேலைக்கு அது பொருந்தாது. இங்க முக்கிய விளக்கு சூரியன். அது போட்ட நிழல்ல லென்ஸுக்குத் தெரியுற பகுதியை மட்டும் கொஞ்சம் நிரப்பணும், புதுசா இன்னொரு நிழல் விழக்கூடாது. அப்படின்னா அந்த வெளிச்சம் லென்ஸ் பக்கத்துலேருந்து வந்தாத்தானே சரி? கேமரா தலைதான் அதுக்கு ஏத்த இடம். ஸ்டாண்டு, குடை எதுவும் வேணாம். (ஓட்டப்பந்தயத்துக்கு நடுவுல ஸ்டாண்டு வைக்க யார் விடப்போறாங்க?)

அமெரிக்கப் பள்ளிக்கூட ஃபுட்பால் படம் எடுக்குறவங்க ஒரு வேலை பண்ணுவாங்க. அந்தப் பிள்ளைங்க ஹெல்மெட்டும் முகத்துல கம்பியும் போட்டிருப்பாங்க. அதனால ஃபிளாஷை மோனோபாட்ல, கேமராவுக்குக் கீழ கட்டிடுவாங்க. வெளிச்சம் கீழேருந்து ஹெல்மெட்டுக்குள்ள போய் கண்ணைத் தொடும். நம்ம ஊர்ல கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கும் தொப்பிக்கும் இதை முயற்சி பண்ணிப் பார்த்தேன். பெவிலியன்லேருந்து இறங்கி வர்ற பேட்ஸ்மேனை எடுக்க அருமையா இருக்கு.

சரி, இப்போ கணக்குக்கு வருவோம். இது இல்லாம ஃபிளாஷ் விளங்காது.

பெரும்பாலான கேமராவுல ஷட்டர்ங்கிறது ரெண்டு திரை. மொத திரை திறக்கும், ரெண்டாவது திரை வந்து மூடும். சென்சார் முழுசும் ஒரே சமயத்துல திறந்திருக்குற கடைசி வேகம் 1/200 இல்ல 1/250 வினாடி. சிங்க் வேகம்னு அதைத்தான் சொல்றோம். அதுக்கு மேல போனா ரெண்டாவது திரை முன்னாடியே கிளம்பிடும். சென்சார் மேல ஒரு கீற்று மட்டும் திறந்து நகர்ந்துகிட்டே போகும். அப்போ சாதாரணமா ஃபிளாஷ் அடிச்சா படத்துல ஒரு பட்டைக்கு மட்டும்தான் வெளிச்சம் விழும்.

விளையாட்டைப் படம் எடுக்குறவங்களுக்கு இங்கதான் இடி. நமக்கு வேணும்கிறது 1/1000, 1/2000. ஃபிளாஷ் தர்றது 1/250.

உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 100, 1/250 வச்சா எஃப் 10 வாக்குல வரும். நான் எஃப் 11 வைப்பேன். ஏன்னா ஃபிளாஷ் வெளிச்சம் நிழல்ல மட்டும் விழாது, வெயில் பட்ட நெத்தியிலயும் கொஞ்சம் சேரும். அதுக்கு முன்கூட்டியே இடம் விட்டு வைக்கணும்.

இனி தூரம். ஃபிளாஷோட கைடு நம்பரை எஃப் நம்பரால வகுத்தா, ஃபுல் பவர்ல எத்தனை மீட்டர் வரைக்கும் முழு வெளிச்சம் எட்டும்னு தெரியும். பெரிய ஃபிளாஷ்கள்ல ஐஎஸ்ஓ 100க்கு 60னு போட்டிருப்பாங்க (ஃபிளாஷ் தலையை முழுக்க ஜூம் பண்ணி அளந்த நம்பர் அது). 60ஐ 11ஆல வகுத்தா சுமார் அஞ்சரை மீட்டர். நமக்கு முழு வெளிச்சம் வேணாம், சூரியனைவிட ரெண்டு ஸ்டாப் கம்மியா, கால்வாசி போதும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசி ஆகும். ஆக, பதினோரு மீட்டர் வரைக்கும் வேலை நடக்கும்.

கேமராவுக்குள்ளேயே இருந்து எழும்புற குட்டி ஃபிளாஷுக்கு நம்பர் சுமார் 12. அதே கணக்குல ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. மெடலைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறவங்களை எடுக்க அது போதும், ஆட்டத்துக்கு உதவாது.

இந்தப் பதினோரு மீட்டர்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. கிரிக்கெட்ல பவுண்டரிக்கு வெளிய உக்காந்துகிட்டு பிட்ச்சை நோக்கி ஃபிளாஷ் அடிக்கிறது வீண். அறுபது எழுபது மீட்டர் தாண்டி ஒண்ணும் போய்ச் சேராது. கேலரியிலேருந்து மின்னுற ஃபோன் ஃபிளாஷ் எல்லாம் முன் வரிசைக்காரர் பிடரியைத்தான் வெளிச்சமாக்குது. ஆனா நீளம் தாண்டுற மணல்குழிக்குப் பின்னாடி நின்னா ஆள் ஏழெட்டு மீட்டர்ல இருப்பாங்க. உயரம் தாண்டுதல், குண்டு எறிய நிக்கிற அந்த நிமிஷம், ஓடி முடிச்சுக் கோட்டைத் தாண்டி வர்றவங்க, பயிற்சியாளர் கட்டிப் பிடிக்கிறது, டாஸ், பரிசளிப்பு, எல்லாமே இந்த எல்லைக்குள்ள வரும். பள்ளி மைதானம் சின்னதா இருக்குறது படம் எடுக்குறவனுக்குப் பெரிய வரம்.

1/250ல ஓட்டக்காரர் கலங்கிப் போக மாட்டாங்களா?

போவாங்க. அதையும் கணக்கா பார்த்துடலாம். 100 மீட்டரை 13 வினாடியில ஓடுற பிள்ளை வினாடிக்கு ஏழரை மீட்டருக்கு மேல போறா. 1/250 வினாடியில மூணு சென்டிமீட்டர். குறுக்க ஓடுறவங்களை எடுத்தா அந்த மூணு சென்டிமீட்டரும் படத்துல இழுத்துக்கிட்டு நிக்கும். ஃபிளாஷோட நேரம் அதைவிட ரொம்பச் சின்னது. நிக்கான் எஸ்பி-800க்கு ஃபுல் பவர்ல 1/1050 வினாடி, 1/16 பவர்ல 1/10900 வினாடி. ஃபிளாஷ் பதிஞ்ச உருவம் கூர்மையா இருக்க, வெயில் பதிஞ்ச உருவம் அதைச் சுத்தி நிழலாட்டம் நிக்கும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு முகத்துல அது பிடிக்காது.

அதுக்கு நான் கண்டுபிடிச்சு வச்சிருக்குற வழி, நிக்கிற இடத்தை மாத்துறது. நேரா நம்மளை நோக்கி ஓடி வர்றவங்க ஃபிரேம்ல குறுக்க நகர்றதில்ல, அதனால கலங்கல் ரொம்பக் குறைவு. உயரம் தாண்டுறவங்க கம்பிக்கு மேல போறப்போ ஒரு கணம் மேலயும் ஏறாம கீழயும் இறங்காம இருப்பாங்க. அந்த உச்சியில அழுத்தினா 1/250 தாராளம். கபடியில ரெய்டு போறவர் கைநீட்டத் தயங்குற கணம் இருக்கே, அதுவும் அப்படித்தான். எந்த விளையாட்டா இருந்தாலும் வேகம் நின்னு மூச்சு விடுற ஒரு இடம் இருக்கும். விளையாட்டைப் புரிஞ்சு பார்த்தா அது முன்னாடியே தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம், ஃபிளாஷ் போட்டா படபடன்னு பத்து படம் எடுக்க முடியாது. ஃபுல் பவர்ல அடிச்சா திரும்ப சார்ஜ் ஏற சில வினாடி ஆகும். 1/8, 1/16 பவர்ல சில படம் தொடர்ந்து கிடைக்கும், அவ்வளவுதான். இதைக் குறைன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு இது பிடிச்சிருக்கு. ஒரே படம்தான்னு தெரிஞ்சா கண்ணு கூர்மையாயிடும்.

அடுத்து எல்லாரும் கேக்குறது: "ஹைஸ்பீடு சிங்க் இருக்கே?"

இருக்கு. ஒலிம்பஸ் 1980கள்லேயே ஓஎம்-4 ஃபிலிம் கேமராவோட டைட்டானியம் மாடலுக்கு எஃப்280ங்கிற ஃபிளாஷ்ல இதைக் கொண்டுவந்துச்சு. கீற்று நகர்ந்து முடியுற வரைக்கும் ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு வாளித் தண்ணியை ஒரே வீச்சா ஒரு செடிக்கு ஊத்துறதுக்கும் அதே தண்ணியைத் தோட்டம் முழுக்கத் தெளிக்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு. உத்தேசமா ரெண்டு ஸ்டாப் போயிடும். ரெண்டு ஸ்டாப் போனா தூரம் பாதி. நம்ம பதினோரு மீட்டர் அஞ்சரை மீட்டரா சுருங்கிடும்.

ஆனா ஒரு நல்லது இருக்கு. அந்த முதல் அடியைத் தாங்கிட்டா அதுக்கப்புறம் பெருசா நட்டமில்ல. ஷட்டர் ஒரு ஸ்டாப் வேகமாச்சுன்னா ஃபிளாஷ் ஒரு ஸ்டாப் குறையும், நீங்க லென்ஸை ஒரு ஸ்டாப் திறப்பீங்க, சரியாப் போயிடும். 1/1000ல எட்டுற தூரம்தான் 1/2000லயும். லென்ஸ் திறக்கத் திறக்க பின்னாடி இருக்குற ஃபிளெக்ஸ் பேனர், தண்ணி கேன், நாற்காலி எல்லாம் கரைஞ்சு போகும். எஃப் 11ல எல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும். அஞ்சு மீட்டருக்குள்ள நிக்க இடம் கிடைச்சா ஹைஸ்பீடு சிங்க், இல்லைன்னா 1/250. இதுதான் நான் வச்சிருக்குற வழக்கம்.

சிங்க் வேகமே கூடுதலா இருந்தா இன்னும் சுகம். நிக்கான் டி70, டி40 மாதிரி பழைய கேமராக்கள் 1/500ல சிங்க் ஆகும். ஆறு மெகாபிக்சல்தான். ஆண்டு மலருக்கு அது தாராளமாப் போதும். 1/500னா எஃப் 8, தூரம் பதினோரு மீட்டர்லேருந்து பதினஞ்சுக்குத் தாவும். யாராவது பரண் மேல போட்டு வச்சிருந்தா இறக்குங்க, தூசு தட்டுங்க. மறுபக்கம், 2023 நவம்பர்ல சோனி அறிவிச்ச ஏ9 III இருக்கு. சென்சார் மொத்தமும் ஒரே சமயத்துல படிக்கும், திரைச் சண்டையே கிடையாது, 1/80000 வரைக்கும் ஃபிளாஷ் சிங்க் ஆகும். விலை பல லட்சம். இந்தத் தொழில்நுட்பம் சாதாரணக் கேமராவுக்கு இறங்கி வர்ற நாளுக்காக நான் ஆசையாக் காத்திருக்கேன்.

பவர் எவ்வளவு?

டிடிஎல் (லென்ஸ் வழியா வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷ் பவரைக் கேமராவே முடிவு பண்ற முறை) போட்டு மைனஸ் 1.7 ஸ்டாப்ல ஆரம்பிங்க. முகம் இன்னும் இருட்டுன்னா மைனஸ் 1.3. பார்க்குறவங்களுக்கு ஃபிளாஷ் போட்டதே தெரியக் கூடாது. "என்னமோ நல்லா இருக்கு"ன்னு மட்டும் தோணணும். வேர்வையில மின்னுற நெத்தி வெள்ளைத் திட்டாச்சுன்னா பவர் ஜாஸ்தின்னு அர்த்தம், உடனே குறைங்க.

டிடிஎல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. வெள்ளை ஜெர்சியைப் பார்த்தா பவரைக் குறைச்சுடும், கருநீல ஜெர்சியைப் பார்த்தா கூட்டிடும். கோ-கோவுல துரத்துறவங்க ஒரு நிறம், ஓடுறவங்க வேற நிறம்னா படத்துக்குப் படம் மாறும். தூரம் மாறாத இடத்துல (மணல்குழி, உயரம் தாண்டுற கம்பி, பரிசு மேடை) நான் மேனுவல்தான். ஒரு பையனை நிக்கச் சொல்லி ரெண்டு படம் எடுத்துப் பவரைப் பூட்டிட்டா போட்டி முடியுற வரைக்கும் தொட வேண்டாம்.

சாயங்காலம் நாலரைக்கு மேல வெயில் மஞ்சளாகும், ஃபிளாஷ் வெள்ளையாவே இருக்கும். அப்போ முகம் மட்டும் வெளிறித் தெரியும். நாடக மேடை விளக்குக்குக் கட்டுற ஜெலட்டின் தாள்ல லேசான ஆரஞ்சு வாங்கி ஃபிளாஷ் முகத்துல ஒட்டிப் பாருங்க. மாலை நேர 4x400 ரிலே படங்கள்ல தோல் நிறம் அப்படியே வெயிலோட கலந்து நிக்கும். இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்ல.

சூடு விஷயத்துல கவனம். திரும்பத் திரும்ப அடிச்சா ஃபிளாஷ் சூடேறி நின்னுடும், நம்ம வெயில்ல இன்னும் சீக்கிரம். ரெண்டு ஹீட்டுக்கு நடுவுல நிழல்ல வைங்க, மேல வெள்ளைத் துண்டு போடுங்க. ரீசார்ஜ் பண்ற பென்சில் செல் ரெண்டு செட் கையில இருக்கட்டும். பறவை எடுக்குற நண்பர்கள் ஃபிளாஷ் முன்னாடி ஃப்ரெனல் லென்ஸ் மாட்டித் தூரத்தைக் கூட்டுவாங்க, கிரவுண்டுலயும் அது உதவும். ஆனா சூரியனைப் பார்த்த மாதிரி வச்சுட்டுப் போயிடாதீங்க. அந்த லென்ஸ் வெயிலைக் குவிச்சு ஃபிளாஷோட பிளாஸ்டிக்கை உருக்கிடும்.

கடைசியா, எங்க ஃபிளாஷ் போடக் கூடாதுங்கிறது. இதுல எனக்கு விட்டுக்கொடுக்குற எண்ணமே இல்ல.

பேட்மின்டன், ஜிம்னாஸ்டிக்ஸ், டேபிள் டென்னிஸ் மாதிரி உள்ளரங்க ஆட்டங்கள்ல வேணாம். பெரிய போட்டிகள்ல விதியாவே தடுத்திருக்காங்க. வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் பக்கமே போகாதீங்க. ராத்திரி நடக்குற ஊர்க் கபடியிலயும் கூடாது. இதைச் சொன்னா சில தம்பிகளுக்குக் கோபம் வருது, "முன்னாடி எல்லாரும் அடிச்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க"ன்னு. உச்சி வெயில்ல ஆட்டக்காரர் கண்ணுமணி சுருங்கியிருக்கும். சூரியன்ல கால்வாசி வெளிச்சம் ஒரு மின்னல் மின்னினா அவருக்கு உறைக்காது. ராத்திரி அப்படியில்ல, கண்ணுமணி விரிஞ்சிருக்கும். அதே ஃபிளாஷ் நேரா அடிச்சா சில வினாடி கண்ணுக்குள்ள புள்ளி மிதக்கும். ஒரு ரெய்டுக்கு இருக்குறதே 30 வினாடி. அதுல ஒரு வினாடி குருடானாலும் காலைப் பிடிச்சு இழுத்துடுவாங்க. வாலிபால்ல பந்தை ஏத்துறவர் அண்ணாந்து பார்க்குறப்போ அடிக்கிறதும் அதே அநியாயம்தான். நம்ம படத்துக்காக அவங்க புள்ளி போகக் கூடாது. ராத்திரியில ஐஎஸ்ஓவை ஏத்துங்க, நாய்ஸ் வந்தா வரட்டும்.

பகல்லயும் ஸ்டார்ட்டர் துப்பாக்கியைத் தூக்கினதும் கையை எடுத்துடுங்க. ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்குக் காரணமா நாம இருக்கவே கூடாது. உயரம் தாண்டுறவங்க ஓடி வர்றப்போ வேணாம், கம்பிக்கு மேல போன பிறகு அடிங்க.

போன மீட்ல ஒரு அம்மா கேமராத் திரையில பொண்ணு படத்தைப் பார்த்துட்டு, "எம்புள்ள கண்ணு எங்க மாமியா கண்ணுங்க, அப்படியே இருக்கு பாருங்க"ன்னாங்க. பொண்ணு வாங்கினது மூணாவது இடம். அந்தம்மா இடத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

அடுத்த குறுவட்டத்துக்குக் கேமரா எடுத்துட்டுப் போறவங்க எல்லாருக்கும் சொல்றேன். காலையில மொத வேலையா நடுவரையும் பி.டி. சாரையும் பார்த்து, "ஃபிளாஷ் போடலாமா சார்?"னு கேளுங்க. சரின்னா மைனஸ் 1.7 வச்சு ஆரம்பிங்க. வேணாம்னா கழட்டிப் பைக்குள்ள வச்சுட்டு, வெயில் சாயுற நாலு மணிப் போட்டிகளுக்குக் காத்திருங்க.